ஒரு துண்டுக் கறி, மூன்று நாள் சாப்பாடு

லண்டன் நகரம். 1910-ஆம் ஆண்டை ஒட்டிய காலம். ஒரு சனிக்கிழமை இரவு.

கடைத்தெருவில் விளக்குகள் எரிகின்றன. கறிக்கடை வாசலில் பெண்கள் கூட்டம். நேரமோ ஆகிவிட்டது. ஆனாலும் யாரும் அவசரப்படவில்லை. காத்திருக்கிறார்கள்.

எதற்காக? விலை இறங்குவதற்காக.

அந்தக் காலத்தில் சின்னக் கடைகளில் குளிர்பெட்டி கிடையாது. மறுநாள் ஞாயிறு. பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். விற்காத கறி கெட்டுப்போகும். அதனால் இரவு ஏற ஏறக் கடைக்காரர் விலையைக் குறைப்பார். நல்ல துண்டுகள் முன்பே விற்றுப் போயிருக்கும். கடைசியில் மிஞ்சுவது எலும்பும் ஜவ்வும் உள்ள துண்டுகள். அவற்றை வாங்கத்தான் இந்தப் பெண்கள் நின்றார்கள்.

அவர்கள் கூலித் தொழிலாளர்களின் மனைவிமார். சனிக்கிழமைதான் கூலி நாள். கையில் இருப்பது சில காசுகள். அதற்குள் நாளைய விருந்தைச் சமைக்க வேண்டும். அந்த விருந்துக்குப் பெயர் 'ஞாயிறு ரோஸ்ட்'.

ரோஸ்ட் என்றால் என்ன?

ரோஸ்ட் என்றால் தண்ணீர் ஊற்றாமல் நெருப்பின் வெப்பத்திலேயே வேகவைப்பது. முன்காலத்தில் இங்கிலாந்தில் பெரிய கறித்துண்டைக் கம்பியில் குத்துவார்கள். எரியும் நெருப்பின் முன்னே அதைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். பிறகு இரும்பு ஓவன் வந்தது. ஓவன் என்பது கதவுள்ள பெட்டி அடுப்பு. பேக்கரியில் ரொட்டி சுடுகிறார்களே, அந்த மாதிரி. அதற்குப் பிறகு கேஸ் ஓவனும் மின்சார ஓவனும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை இங்கிலாந்து மக்களுக்கு ஓய்வு நாள். காலையில் கோயிலுக்குப் போவார்கள். மதியம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். வாட்டிய கறி ஒரு துண்டு. அதோடு வாட்டிய உருளைக்கிழங்கு, வேகவைத்த முட்டைகோஸ், கேரட். மேலே ஊற்ற ஒரு குழம்பு. இதுதான் ஞாயிறு ரோஸ்ட். நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வைப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம்.

பணக்காரர் வீட்டில் பெரிய மாட்டுத் தொடை மேசைக்கு வரும். ஏழை வீட்டில் கைப்பிடி அளவு கறி வரும். ஆனால் பெயர் ஒன்றுதான். அந்தச் சின்னத் துண்டை விருந்தாக மாற்றுவது வீட்டுப் பெண்ணின் திறமை. அவள் அதை எப்படிச் செய்தாள்?

ஓவன் இல்லாத வீடு

முதல் சிக்கல் அடுப்பு. ஏழைகள் பலர் ஒரே அறையில் குடியிருந்தார்கள். ஓவன் வாங்க வசதி இல்லை. விறகும் கரியும் விலை அதிகம்.

அதற்கு ஒரு வழி கண்டார்கள். ரொட்டிக் கடையில் எப்போதும் சூடான ஓவன் இருக்கும். ஞாயிறு காலையில் கறியையும் உருளைக்கிழங்கையும் ஒரு தட்டில் வைத்து அங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள். ரொட்டிக் கடைக்காரர் கொஞ்சம் காசு வாங்கிக்கொண்டு வேகவைத்துக் கொடுப்பார். மதியம் பிள்ளைகள் ஓடிப்போய்ச் சூடான தட்டைத் துணியில் பிடித்துத் தூக்கி வருவார்கள்.

சார்லஸ் டிக்கன்ஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் 1843-இல் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' என்ற கதையை எழுதினார். அதில் ஓர் ஏழைக் குமாஸ்தா வருகிறார். வாரச் சம்பளம் 15 ஷில்லிங். 20 ஷில்லிங் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு. அவர் வீட்டுப் பண்டிகை வாத்தும் ரொட்டிக் கடை ஓவனில்தான் வேகிறது. வாத்து சின்னது. குடும்பம் பெரியது. உருளைக்கிழங்கும் ஆப்பிள் பச்சடியும் சேர்ந்துதான் எல்லோருடைய வயிற்றையும் நிரப்புகின்றன.

முதலில் மாவு, பிறகு கறி

இரண்டாவது சிக்கல் கறியின் அளவு. இதற்கு வட இங்கிலாந்துப் பெண்கள் ஓர் உபாயம் வைத்திருந்தார்கள். அதன் பெயர் யார்க்ஷயர் புட்டிங். யார்க்ஷயர் என்பது அங்குள்ள ஒரு வட்டாரம்.

கறி நெருப்பில் வேகும்போது கொழுப்பு உருகிச் சொட்டும். அதை வீணாக்கவில்லை. கீழே ஒரு தட்டு வைத்துப் பிடித்தார்கள். அந்தச் சூடான கொழுப்பில் மாவைக் கரைத்து ஊற்றினார்கள். மாவு பொங்கி எழும்பி மொறுமொறுப்பாக வெந்தது.

ஹன்னா கிளாஸ் என்ற பெண் 1747-இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். வீட்டு வேலை செய்யும் பெண்களும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எளிய நடையில் எழுதினார். அந்தப் புத்தகத்தில் யார்க்ஷயர் புட்டிங் செய்முறை இருக்கிறது.

இந்தப் புட்டிங்கைக் கறியோடு பரிமாறவில்லை. கறிக்கு முன்னால் பரிமாறினார்கள். குழம்பு ஊற்றிச் சுடச்சுடக் கொடுத்தார்கள். நிறையப் புட்டிங் தின்றவருக்குத்தான் நிறையக் கறி என்று பிள்ளைகளிடம் சொல்வார்கள். பிள்ளைகளும் போட்டி போட்டுத் தின்பார்கள். கறி வரும்போது பாதி வயிறு நிரம்பியிருக்கும். சின்னத் துண்டு எல்லோருக்கும் போதும்.

மாவு மலிவு. கறி விலை அதிகம். மலிவான பொருள் பசியை ஆற்றியது. விலை அதிகமான பொருள் ருசியைத் தந்தது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய்

மூன்றாவது உபாயம், ஒரு நாள் கறியை மூன்று நாளைக்கு நீட்டுவது.

ஞாயிறு: சுடச்சுட விருந்து. கொஞ்சம் கறியை எடுத்து வைத்துவிடுவார்கள்.

திங்கள்: அந்த நாட்டில் அது துணி துவைக்கும் நாள். வெந்நீர் காய்ச்சி, துவைத்து, பிழிந்து, உலர்த்தவே பொழுது போய்விடும். சமைக்க நேரம் இல்லை. அதனால் மீந்த கறியை மெல்லிசாக வெட்டி அப்படியே சாப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மீந்த உருளைக்கிழங்கையும் முட்டைகோஸையும் சேர்த்து மசித்து வாணலியில் வதக்குவார்கள்.

செவ்வாய்: எலும்பில் ஒட்டிய துணுக்குகளைச் சுரண்டிக் கொத்துவார்கள். வெங்காயம் சேர்த்து வேகவைப்பார்கள். மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சூடாக்குவார்கள். ஆட்டுக்கறி என்றால் அதற்கு 'ஷெப்பர்ட்ஸ் பை' என்று பெயர். மாட்டுக்கறி என்றால் 'காட்டேஜ் பை'.

எலும்பை வீசமாட்டார்கள். அது சூப்பாகும். உறைந்த கொழுப்பை ரொட்டியில் தடவித் தின்பார்கள்.

யார் தட்டில் எவ்வளவு?

இவ்வளவு திறமையாகச் சமைத்தாள் அந்தப் பெண். அவள் தட்டில் எவ்வளவு கறி விழுந்தது?

இதை ஒரு பெண்கள் குழு ஆராய்ந்தது. லண்டனில் லாம்பெத் என்ற பகுதி. 1909 முதல் 1913 வரை அந்தக் குழுவினர் அங்குள்ள தொழிலாளர் வீடுகளுக்கு வாரந்தோறும் போனார்கள். அந்த வீடுகளில் வாரக் கூலி 18 முதல் 30 ஷில்லிங் வரை. குழுவில் இருந்த மாட் பெம்பர் ரீவ்ஸ் என்பவர் இதை 1913-இல் புத்தகமாக வெளியிட்டார். புத்தகத்தின் பெயர் 'ரவுண்ட் அபவுட் எ பவுண்ட் எ வீக்'. வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு என்று பொருள்.

குழுவினர் அந்தத் தாய்மார்களிடம் ஒன்று கேட்டுக்கொண்டார்கள். "வீட்டுச் செலவை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்" என்றார்கள். சிலருக்கு எழுதத் தெரியாது. அவர்கள் வாயால் சொன்னார்கள். கணவரோ பிள்ளையோ எழுதினார்கள். வாடகை, கரி, சோப்பு, ரொட்டி, உருளைக்கிழங்கு, கறி எல்லாம் காசு காசாக நோட்டில் ஏறியது.

நோட்டு என்ன சொன்னது?

வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வாடகைக்கே போனது. மிச்சத்தில்தான் சாப்பாடு. வாங்கிய கறியில் பெரும் பங்கு அப்பாவுக்குப் போனது. பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கும் குழம்பும். அம்மாவுக்கு மிச்சம் மீதி.

அப்பா கொடுமைக்காரர் என்பதல்ல காரணம். அவர் உடல் தளர்ந்தால் கூலி போய்விடும். கூலி போனால் எல்லோரும் பட்டினி. இந்தக் கணக்கைப் போட்டவள் அந்த அம்மாதான். தன் பங்கைக் குறைத்தவளும் அவள்தான். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கும் காலத்திலும் குறைத்தாள்.

அப்போது வசதி படைத்தவர்கள் ஒரு பேச்சுப் பேசினார்கள். "ஏழைப் பெண்களுக்குச் சிக்கனம் தெரியாது. சமைக்கத் தெரியாது. அதனால்தான் பிள்ளைகள் நோஞ்சானாக இருக்கிறார்கள்" என்றார்கள். நோட்டுகள் அதற்குப் பதில் சொல்லின. அந்தப் பெண்களுக்குச் சிக்கனம் நன்றாகவே தெரியும். அவர்களிடம் இல்லாதது பணம்.

வாயால் சொன்ன துன்பத்தை யாரும் நம்பவில்லை. எழுதி வைத்த கணக்கை மறுக்க முடியவில்லை.

ஆளுக்கு ஒரு ரேஷன் புத்தகம்

1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. இங்கிலாந்து தன் உணவில் பெரும் பகுதியைக் கப்பலில் வரவழைத்த நாடு. எதிரிகள் கப்பல்களை மூழ்கடித்தார்கள். உணவுத் தட்டுப்பாடு வந்தது. 1940 ஜனவரியில் ரேஷன் தொடங்கியது. மார்ச் மாதம் கறிக்கும் ரேஷன் வந்தது.

கறி ரேஷன் எடைக்கு இல்லை, விலைக்கு. பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு இவ்வளவு காசுக்குக் கறி என்று அரசு வரையறுத்தது. முதலில் 1 ஷில்லிங் 10 பென்ஸ். பிறகு 1 ஷில்லிங் 2 பென்ஸ். விலை அதிகமான துண்டு கேட்டால் கொஞ்சமாகக் கிடைக்கும். மலிவான துண்டு கேட்டால் கூடுதலாகக் கிடைக்கும். மலிவுக் கறியைப் பக்குவமாகச் சமைக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் ஞாயிறு ரோஸ்ட் நிற்கவில்லை.

ரேஷன் புத்தகம் குடும்பத்துக்கு ஒன்று அல்ல. ஆளுக்கு ஒன்று. அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் குறைந்த விலையில் பால் கிடைத்தது. மிகவும் ஏழைகளுக்கு அந்தப் பால் இலவசம்.

தன் பங்கைக் கணவருக்கும் பிள்ளைக்கும் எடுத்து வைத்த தாய்மார் அப்போதும் இருந்தார்கள். ஆனால் ஒன்று மாறியது. அவள் பெயரிலும் ஒரு பங்கு எழுதப்பட்டிருந்தது.

கறி ரேஷன் 1954 ஜூலையில்தான் முடிந்தது.

இப்போது எப்படிச் சமைக்கிறார்கள்?

இப்போதும் இங்கிலாந்தில் ஞாயிறு ரோஸ்ட் உண்டு. விலைவாசிக் கவலையும் உண்டு. 2023 மார்ச் மாதத்தில் அங்கே உணவு விலை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 19 விழுக்காடு ஏறியிருந்தது. மின்சாரம், கேஸ் விலையும் ஏறின. சாதாரணக் குடும்பங்கள் பழைய உபாயங்களையே கையாளுகின்றன.

ஒரு காலத்தில் அங்கே கோழி விலை உயர்ந்த பண்டம். பெரிய கோழிப்பண்ணைகள் பெருகிய பிறகு விலை குறைந்தது. அதனால் கையில் காசு குறைந்தவர்கள் கோழி ரோஸ்ட் செய்கிறார்கள். துண்டுகளாக வாங்குவதைவிட முழுக் கோழி வாங்குவது லாபம்.

நான்கு பேருக்கு வேண்டியவை: முழுக் கோழி ஒன்றரைக் கிலோ. உருளைக்கிழங்கு 1 கிலோ. கேரட் அரைக் கிலோ. பாதி முட்டைகோஸ். மைதா 100 கிராம். முட்டை 2. பாலும் தண்ணீரும் சேர்த்து 200 மில்லி. எண்ணெய், உப்பு, மிளகுத்தூள்.

1. மைதா, முட்டை, பால், தண்ணீர், உப்பு எல்லாவற்றையும் கட்டியில்லாமல் கரைத்து மூடி வைக்க வேண்டும். தோசை மாவைவிடச் சற்று நீர்க்க இருக்க வேண்டும்.

2. கோழியில் எண்ணெய், உப்பு, மிளகு தடவி 190 டிகிரி சூட்டில் ஓவனில் வைக்க வேண்டும். சுமார் ஒன்றரை மணி நேரம் வேக வேண்டும்.

3. உருளைக்கிழங்கைத் தோல் சீவி வெட்டிப் பத்து நிமிடம் வேகவைக்க வேண்டும். வெந்த தண்ணீரை ஒரு பாத்திரத்தில் பிடித்து வைக்க வேண்டும். கிழங்கை மூடி போட்டு இலேசாகக் குலுக்கினால் ஓரம் சொரசொரப்பாகும். அப்போதுதான் மொறுமொறுப்பு வரும். சூடான எண்ணெயில் புரட்டி, கேரட்டோடு அதே ஓவனில் வைக்க வேண்டும். சூடு ஒன்று, வேகும் பண்டம் மூன்று. எரிபொருள் மிச்சம்.

4. கோழியின் தொடையில் கத்தியால் குத்திப் பார்க்க வேண்டும். வரும் சாறு தெளிவாக இருந்தால் வெந்துவிட்டது. சிவப்பாக இருந்தால் இன்னும் வேக வேண்டும். வெந்த கோழியை வெளியே எடுத்து 20 நிமிடம் மூடி வைக்க வேண்டும். உடனே வெட்டினால் சாறு எல்லாம் வெளியே ஓடிவிடும்.

5. அந்த 20 நிமிடத்தில் ஓவன் சூட்டை 220 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். தட்டில் எண்ணெயை நன்றாகக் காயவைத்து மாவை ஊற்ற வேண்டும். நடுவில் கதவைத் திறக்கக் கூடாது. திறந்தால் புட்டிங் அமுங்கிவிடும்.

6. முட்டைகோஸை அடுப்பில் வேகவைக்க வேண்டும். கோழித் தட்டில் ஒட்டிய சாற்றில் இரண்டு கரண்டி மைதாவைப் போட்டு வதக்க வேண்டும். பிடித்து வைத்த கிழங்குத் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டால் குழம்பு தயார்.

மீந்த கறியை வெளியே வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இரண்டு நாளுக்குள் சாப்பிட வேண்டும். சாப்பிடும் முன் ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். எலும்பில் வெங்காயம், கேரட் போட்டுக் கொதிக்கவைத்தால் மறுநாள் சூப்.

கடினமான கறிக்கு மூடிய சட்டி

மாட்டின் கால் கறி, நெஞ்சுக் கறி போன்றவை மலிவு. ஆனால் கடினம். அதிகம் உழைக்கும் தசைகளில் ஜவ்வு அதிகம். வெறும் சூட்டில் வாட்டினால் செருப்புத் தோல் மாதிரி ஆகிவிடும். கொஞ்சம் தண்ணீரோடு மூடிய சட்டியில், சின்னத் தீயில், மூன்று மணி நேரம் போல வேகவிட்டால் ஜவ்வு கரையும். கறி பஞ்சு போல ஆகும். இதற்குச் 'சட்டி ரோஸ்ட்' என்று பெயர். ஆங்கிலத்தில் பாட் ரோஸ்ட் என்பார்கள்.

இந்த முறை இந்தியாவிலும் உண்டு. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் அதைச் செய்கின்றன. ஐரோப்பியத் தந்தை வழியும் இந்தியத் தாய் வழியும் கலந்து வந்தவர்கள் அவர்கள். பலர் ரயில்வேயில் வேலை பார்த்தார்கள். ஜோலார்பேட்டை, போத்தனூர், பொன்மலை, கரக்பூர் போன்ற ரயில்வே காலனிகளில் வாழ்ந்தார்கள். விறகு அடுப்பு இருந்த வீடுகளில் ஓவன் இல்லை. கனமான சட்டியே ஓவனாயிற்று.

முழுக் கறித்துண்டில் உப்பும் வினிகரும் தடவினார்கள். மிளகு, காய்ந்த மிளகாய், பட்டை சேர்த்தார்கள். எண்ணெயில் புரட்டித் தண்ணீர் ஊற்றி மூடினார்கள். தண்ணீர் வற்றியதும் அதே எண்ணெயில் உருளைக்கிழங்கைச் சிவக்க விட்டார்கள். இங்கிலாந்தின் ரோஸ்ட் இந்தியச் சட்டியில் காரமாக மாறியது.

பங்கு

மலிவான துண்டைத் தேர்ந்தெடுப்பது, மெதுவாக வேகவைப்பது, மாவாலும் கிழங்காலும் நிறைப்பது, எலும்பு வரை பயன்படுத்துவது. இவையெல்லாம் பெண்களின் கைப்பக்குவம். அது ஒரு துண்டுக் கறியை மூன்று நாளைக்கு நீட்டும்.

ஆனால் கைப்பக்குவம் மட்டும் எல்லாத் தட்டையும் நிரப்பாது. லாம்பெத் தாய்மார்களின் நோட்டு அதைத்தான் காட்டியது. சமைத்தவளின் தட்டு காலியாக இருந்தால் அது சிக்கனம் அல்ல, குறை. அந்தக் குறையைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் வீட்டில் கறியோ மீனோ சமைக்கும் நாளில் கடைசியாகச் சாப்பிடுபவர் யார்? அவருக்கு என்ன மிஞ்சுகிறது?

2. குறைந்த செலவில் விருந்து வைக்க உங்கள் ஊர்ப் பெண்கள் என்னென்ன உபாயங்கள் செய்கிறார்கள்?

3. ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவை நோட்டில் எழுதுங்கள். எந்தச் செலவு உங்களை வியக்க வைக்கிறது?